பெயர் யாருக்குச் சொந்தம்?



பிள்ளை பிறந்துவிட்டால் பெயர் வைப்பதற்கு நாம் எவ்வளவு யோசிக்கிறோம்! வாப்பா பக்கத்துப் பெரியவர்களைக் கேட்கிறோம். உம்மா பக்கத்தாரையும் கேட்கிறோம். பொருள் நல்லதா என்று பார்க்கிறோம். அப்படிப் பார்த்துப் பார்த்து வைத்த பெயர் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் இருந்துவிட்டால் யாரும் சண்டைக்கு வருவதில்லை. ஒரு வகுப்பிலே நான்கு பாத்திமாக்கள் இருப்பார்கள். ஆசிரியை தகப்பன் பெயரையும் சேர்த்துக் கூப்பிடுவார். அத்தோடு காரியம் முடிந்தது.

சந்தைக்குப் போகும் பெயர் அப்படியல்ல. ஒரே பெயரில் இரண்டு தேயிலைப் பக்கட்டுகள் கடையில் இருந்தால் என்ன நடக்கும்? நீங்கள் வழக்கமாக வாங்குவதை நினைத்து மற்றதை வாங்கிக் கொண்டு வீட்டுக்கு வருவீர்கள். தேநீர் ஊற்றிய பிறகுதான் ஏமாந்தது தெரியும். நஷ்டம் உங்களுக்கும் உண்டு. நல்ல தேயிலையை விற்றுப் பெயர் வாங்கியவருக்கும் உண்டு. இதனால்தான் பொருளின் பெயருக்குச் சட்டம் காவல் வைத்திருக்கிறது.

இந்தக் காவல் இன்று நம் வீட்டுப் பிள்ளைகளின் அறைவரை வந்துவிட்டது. மட்டக்குளியில் ஒரு தாய் அண்மையில் என்னிடம் கேட்ட கேள்வியே இந்த மாதம் இதை எழுதச் செய்தது. அவருடைய மகன் உயர்தரப் பரீட்சை எழுதியவர். வீட்டிலிருந்தபடியே கம்பியூட்டரில் சிறுவர்களுக்கான ஒரு விளையாட்டைச் செய்து, போனில் போட்டுக்கொள்ளும் 'எப்' ஆக, அதாவது செயலியாக வெளியிட்டிருக்கிறார். சில மாதங்களில் ஒரு கடிதம் வந்திருக்கிறது. 'இந்தப் பெயர் எங்கள் கம்பனியின் வியாபாரக் குறி. உடனே மாற்றுங்கள். இல்லாவிட்டால் உங்கள் செயலி நீக்கப்படும்' என்பது அதன் சாரம்.

"மௌலவி, ஒரு வரிகூட யாரிடமும் கொப்பி பண்ணவில்லை என்று பிள்ளை சொல்கிறான். அப்படியென்றால் இது எப்படி அடுத்தவர் பொருளாகும்? அதிலே வந்த காசு கூடாத காசா?" என்று அந்தத் தாய் கேட்டார்.

மிக நல்ல கேள்வி. இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பெயர் யாருக்குச் சொந்தம் என்பது ஒன்று. கடிதம் வந்துவிட்டாலே குற்றவாளியாகிவிடுவோமா என்பது மற்றொன்று. இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

பெயர் எப்படிச் சொத்தாகிறது?

எழுதியவனுக்கு எழுத்தின் மீதுள்ள உரிமை பதிப்புரிமை. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவனுக்குள்ள உரிமை ஆக்கவுரிமை. ஒரு பொருள் யாரிடமிருந்து வருகிறது என்று வாங்குபவருக்குக் காட்டும் பெயரும் அடையாளமும் வியாபாரக் குறி. அரபியிலே 'அலாமா திஜாரிய்யா' என்பார்கள். 'அலாமத்' என்றால் அடையாளம் என்று நம்மில் பலருக்குத் தெரியும்.

ஆகவே அந்தப் பிள்ளை சொன்னது உண்மையாக இருக்கலாம். செயலியின் உள்ளே உள்ள எழுத்து, படம், ஒலி எல்லாம் அவனுடைய சொந்த உழைப்பாக இருக்கலாம். ஆனாலும் வெளியே எழுதி ஒட்டிய பெயர் மற்றவருடையதாக இருக்க முடியும். சொந்தக் கையால் சமைத்த புரியாணியை வேறொரு கடையின் பெயர் அச்சடித்த பெட்டியில் போட்டு விற்றால், சமையல் நம்முடையது, பெட்டி நம்முடையதல்ல.

நமது நாட்டில் இதற்குரிய சட்டம் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். கொழும்பு 10, டீ.ஆர். விஜேவர்தன மாவத்தையில் சமாகம் மெதுரவில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வியாபாரக் குறிகளைப் பதிகிறார்கள். ஒரு பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு பத்துப் பத்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

பதிவு செய்துவிட்டால் அந்தச் சொல் முழுவதும் ஒருவருக்கே உரியதாகிவிடுமா? இல்லை. உலகில் உள்ள பொருட்களையும் சேவைகளையும் 45 வகுப்புகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். போனுக்கும் கம்பியூட்டருக்கும் இறக்கிக்கொள்ளும் மென்பொருள் 9 ஆம் வகுப்பில் வரும். எந்த வகைப் பொருளுக்காகப் பதிந்தாரோ அந்த வகையிலும் அதற்கு நெருங்கிய வகையிலும்தான் பெரும்பாலும் உரிமை. மிகப் பிரபலமான பெயர்களுக்கு மட்டும் பாதுகாப்பு இன்னும் சற்று விரிந்து நிற்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பழத்தை விற்பவர் 'அப்பிள்' என்ற சொல்லைத் தனக்கே உரியதென்று பதிய முடியாது. அது பழத்தின் பெயர். கம்பியூட்டர் விற்பவர் அதைப் பதியலாம். ஏனென்றால் கம்பியூட்டருக்கும் அப்பிள் பழத்துக்கும் சம்பந்தமில்லை. பொருளை அப்படியே வர்ணிக்கும் சொல்லுக்குப் பாதுகாப்பு குறைவு. பொருளோடு சம்பந்தமில்லாத சொல்லுக்கும், புதிதாகக் கட்டிய சொல்லுக்கும் பாதுகாப்பு அதிகம்.

கம்பனிகள் ஏன் சிறியவர்களைக்கூட விடாமல் துரத்துகின்றன என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. நம் வீடுகளில் எந்த ரப்பர் செருப்பையும் 'பாட்டா' என்கிறோம். எந்தக் கம்பனியின் பெரசிட்டமோல் குளிசையையும் 'பெனடோல்' என்கிறோம். பேச்சில் இப்படிச் சொல்வதால் குற்றமில்லை. ஆனால் ஒரு பெயர் எல்லாருக்கும் பொதுச் சொல்லாகவே ஆகிவிட்டால் அதன்மீது தனக்குள்ள உரிமை போய்விடுமே என்ற பயம் சொந்தக்காரருக்கு உண்டு. ஆகவே எங்கே அந்தப் பெயரைக் கண்டாலும் கடிதம் அனுப்புகிறார். எல்லாக் கடிதங்களும் அநியாயமானவை அல்ல. எல்லாம் நியாயமானவையும் அல்ல.

கல்கத்தாவின் இரு சகோதரர்கள்

நமது பிராந்தியத்திலேயே நடந்த பெரிய வழக்கு ஒன்று உண்டு. கல்கத்தாவைச் சேர்ந்த ரஜத் அகர்வாலா, ஜயந்த் அகர்வாலா என்ற இரு சகோதரர்கள் எழுத்துக்களைச் சேர்த்துச் சொல் அமைக்கும் விளையாட்டு ஒன்றைச் செய்து 'ஸ்க்ரபுலஸ்' என்று பெயர் வைத்தார்கள். 2007 இல் பேஸ்புக் வெளியாரின் செயலிகளுக்குக் கதவு திறந்தபோது அதையும் அங்கே கொண்டு போனார்கள். 2008 ஆரம்பத்தில் நாளொன்றுக்கு ஐந்து இலட்சம் பேரளவில் அதை விளையாடினார்கள். இரண்டு இளைஞர்களுக்கு இது எவ்வளவு பெரிய வெற்றி!

ஆனால் 'ஸ்க்ரபிள்' என்ற பலகை விளையாட்டு ஏற்கனவே இருந்தது. கொழும்பில் எத்தனையோ பாடசாலைகளில் பிள்ளைகள் விளையாடும் அதே விளையாட்டுத்தான். 1930 களில் அமெரிக்காவில் அல்பிரட் பட்ஸ் என்பவர் அதை உருவாக்கினார். 1948 இல் அதற்கு அந்தப் பெயர் கிடைத்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் அதன் உரிமை ஹஸ்ப்ரோ கம்பனிக்கு. மற்ற நாடுகளில் மட்டெல் கம்பனிக்கு. 2008 ஜூலையில் ஹஸ்ப்ரோ நியூயோர்க்கில் வழக்குத் தொடுத்தது. அந்த மாதம் முடிவதற்குள் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஸ்க்ரபுலஸ் நின்றுபோனது. மட்டெல் டில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

2008 செப்டம்பர் 17 ஆம் திகதி டில்லி நீதிமன்றம் கொடுத்த கட்டளையை, செயலி செய்யும் பிள்ளையுள்ள ஒவ்வொரு வீட்டாரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். விளையாட்டின் விதிகளுக்கும் பலகையின் அமைப்புக்கும் மட்டெல் கோரிய பதிப்புரிமையை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் 'ஸ்க்ரபுலஸ்' என்ற பெயர் 'ஸ்க்ரபிள்' என்ற பெயரோடு மயங்கத்தக்க அளவு நெருக்கமாக இருக்கிறது என்று கண்டு, அந்தப் பெயரைப் பயன்படுத்த இடைக்காலத் தடை விதித்தது. அதாவது விளையாட்டை விட்டது, பெயரைப் பிடித்தது.

சகோதரர்கள் என்ன செய்தார்கள்? கடையைப் பூட்டிவிட்டுப் போகவில்லை. பெயரை 'லெக்ஸுலஸ்' என்று மாற்றினார்கள். பலகையிலும் புள்ளிகளிலும் மாற்றம் செய்தார்கள். 2008 டிசம்பரில் ஹஸ்ப்ரோ வழக்கை வாபஸ் வாங்கியது. சம்பாதித்த புகழில் ஒரு பகுதி பழைய பெயரோடு போயிருக்கும். ஆனால் உழைப்பு மிஞ்சியது.

கடைக்காரர் காதி அல்ல

அந்த வழக்கு நீதிமன்றத்தில் நடந்தது. இரு தரப்பும் பேசின. நீதிபதி காரணம் எழுதினார். அப்பிள் கம்பனியின் அப் ஸ்டோர் திறக்கப்பட்டதும் அதே 2008 ஜூலையில்தான். அன்றிருந்து செயலிகள் பெரும்பாலும் இரண்டே கடைகள் வழியாக மக்களிடம் போகின்றன. ஒன்று அப் ஸ்டோர். மற்றது கூகிளின் பிளே ஸ்டோர். இந்தக் கடைகளில் பெயர்த் தகராறு வந்தால் நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விடுகிறது. எப்படி?

முறைப்பாடு செய்ய இரண்டு கடைகளிலும் ஒரு படிவம் வைத்திருக்கிறார்கள். பெயரின் சொந்தக்காரர் என்பவர் தனது பதிவு இலக்கத்தையும் நாட்டையும் எழுதி அனுப்புகிறார். அப்பிள் அதற்கு ஒரு இலக்கம் கொடுத்து, செயலி செய்தவருக்கும் அறிவித்து, 'நீங்கள் இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லும். தீராவிட்டால் செயலி அகற்றப்படலாம். ஒருவர்மீது இப்படிப் பல முறைப்பாடுகள் சேர்ந்தால் அவருடைய கணக்கே மூடப்பட்டு, அவர் செய்த மற்றச் செயலிகளும் சேர்ந்து போகும் அபாயம் உண்டு.

பதிப்புரிமை முறைப்பாட்டுக்கு அமெரிக்காவின் 1998 ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு மறுமொழி முறை இருக்கிறது. 'நான் களவெடுக்கவில்லை' என்று செய்தவர் முறைப்படி மறுத்து எழுதினால், முறைப்பாடு செய்தவர் 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் வழக்குப் போட வேண்டும். போடாவிட்டால் பொருளைத் திரும்பப் போடலாம். வியாபாரக் குறிக்கு இப்படி ஒரு முறையை அந்தச் சட்டம் வைக்கவில்லை. எல்லாம் கடைக்காரரின் விருப்பத்தில் தங்கியிருக்கிறது.

நமது காதி நீதிமன்றத்தை நினைத்துப் பாருங்கள். கணவன் ஒரு முறைப்பாடு கொண்டு வந்தால் மனைவியையும் அழைத்துக் கேட்காமல் தீர்ப்புச் சொன்னால் நாம் பொறுப்போமா? மறுதரப்பின் பேச்சைக் கேட்காமல் தீர்ப்பளிக்கக் கூடாது என்பதும், வாதிடுபவரே ஆதாரம் கொண்டுவர வேண்டும் என்பதும் அரபுக் கல்லூரி மாணவர் ஆரம்பத்திலேயே படிக்கும் பாடம். செயலிக் கடை காதியல்ல. அது ஒரு கடைக்காரர். தன்மீது வழக்கு வந்துவிடக் கூடாது என்பதே அதன் முதல் கவலை. யாரிடம் பதிவுக் கடதாசி இருக்கிறதோ, யார் காத்திருக்கக்கூடிய பணக்காரரோ அவர் பக்கம் தராசு சாய்ந்துவிடுகிறது.

இதனால் விளைந்த அநியாயத்துக்கும் உதாரணம் உண்டு. பாரிஸில் மொபிகேம் என்ற சிறிய கம்பனி 'எட்ஜ்', அதாவது விளிம்பு, என்ற பெயரில் ஒரு விளையாட்டைச் செய்து அப் ஸ்டோரில் வெளியிட்டது. பலரும் பாராட்டினார்கள். 2009 இல், அந்தச் சொல் தனக்கே உரியது என்று எட்ஜ் கேம்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் முறையிட்டது. விளையாட்டு கடையிலிருந்து அகற்றப்பட்டது; திரும்ப வந்தது; மீண்டும் அகற்றப்பட்டது. பின்னர் அதே நிறுவனம் எலக்ட்ரொனிக் ஆர்ட்ஸ் என்ற மிகப் பெரிய கம்பனியோடும் மோதியது. 2010 அக்டோபரில் அமெரிக்க நீதிமன்றம் அது கேட்ட தடையைக் கொடுக்க மறுத்தது. பதிவு அலுவலகத்துக்கு அது கொடுத்த ஆவணங்களின் நேர்மையைப் பற்றியும் நீதிபதி கடுமையான சந்தேகம் தெரிவித்தார். 2013 இல் அதன் பதிவுகள் இரத்தாயின. உண்மை வெளிவந்தது, ஆனால் சிறிய கம்பனியின் செயலி விற்க வேண்டிய நாட்கள் வீணாகிப் போயின.

தாயின் நினைவாக ஒரு விளையாட்டு

மற்றுமொரு சம்பவம் தாய்மார்களின் மனதைத் தொடக்கூடியது. அமெரிக்காவில் ஆல்பர்ட் ரன்சம் என்பவர் தனியாளாக இருந்து 'கேண்டி ஸ்வைப்' என்ற விளையாட்டைச் செய்து 2010 இல் வெளியிட்டார். இரத்தப் புற்றுநோயால் இறந்த தன் தாயின் நினைவாகச் செய்தேன் என்று அவரே எழுதியிருக்கிறார். பெயரையும் பதிந்து வைத்திருந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து கிங் என்ற பெரிய கம்பனி 'கேண்டி க்ரஷ் சாகா'வை வெளியிட்டது. உங்கள் வீட்டிலும் யாராவது விளையாடியிருப்பார்கள்.

பெயர்கள் மயங்குகின்றன என்று ரன்சம் பதிவு அலுவலகத்தில் ஆட்சேபித்தார். கிங் கம்பனி என்ன செய்தது தெரியுமா? அவருடையதைவிடப் பழையதான 'கேண்டி க்ரஷர்' என்ற இன்னொரு பெயரின் உரிமையை விலைக்கு வாங்கி, அதைக் காட்டி அவருடைய பதிவையே நீக்கக் கேட்டது. அதே காலத்தில் 'கேண்டி' என்ற ஒற்றைச் சொல்லையும் தனக்கே பதிந்து தரும்படி அமெரிக்காவில் அது விண்ணப்பித்திருந்தது. 'கேண்டி' என்றால் இனிப்பு. அந்தச் சொல்லைப் பெயரில் வைத்திருந்த மற்றச் சிறிய தயாரிப்பாளர்களுக்கும் செயலிக் கடை மூலமாக அறிவித்தல் போனது.

2014 பெப்ரவரியில் ரன்சம் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். ஏற்கனவே கொதித்துப் போயிருந்த சிறு தயாரிப்பாளர்களின் எதிர்ப்பு இன்னும் வலுத்தது. அந்த மாதமே கிங் கம்பனி அமெரிக்காவில் 'கேண்டி' என்ற தனிச்சொல்லுக்கான விண்ணப்பத்தைக் கைவிட்டது. ஏப்ரலில் இரு தரப்பும் சமாதானமாகி, ஒருவர்மீது ஒருவர் கொடுத்த மனுக்களை வாபஸ் பெற்றார்கள். ரன்சம் தன் பெயரை இழக்கவில்லை. அவரிடம் பதிவு இருந்ததும், முதலில் வெளியிட்டதற்கு ஆதாரம் இருந்ததும், அவர் வாய் மூடி இருக்காததும் அதற்குத் துணை செய்தன.

மார்க்கம் என்ன சொல்கிறது?

கண்ணால் காணாத ஒரு பெயர் எப்படிச் சொத்தாகும் என்று சிலர் கேட்பார்கள். பழைய பிக்ஹு நூல்களில் இந்தத் தலைப்பில் ஒரு பாடம் இல்லை. ஆனால் இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் சர்வதேச பிக்ஹு கலாபீடம் 1988 டிசம்பரில் குவைத்தில் கூடியபோது இதை ஆராய்ந்து தீர்மானம் எடுத்தது. வியாபாரப் பெயர், வியாபாரக் குறி, எழுத்துரிமை, கண்டுபிடிப்பு ஆகியவை அவற்றின் சொந்தக்காரருக்கு உரியவை. இக்காலத்தில் அவற்றுக்குப் பணமதிப்பு இருக்கிறது. ஷரீஆ அவற்றை ஏற்கிறது. ஆகவே அவற்றை மீறக் கூடாது என்பது அதன் கருத்து. விற்கவும் மாற்றிக்கொடுக்கவும் கூடும். ஆனால் அதில் ஏமாற்றும் மோசடியும் இருக்கக் கூடாது என்றும் சொன்னார்கள்.

இதிலிருந்து அந்தத் தாய்க்கு நான் சொன்ன பதில் இதுதான்: மற்றவரின் நற்பெயரிலே ஏறிச் சவாரி செய்து வாடிக்கையாளரை மயக்க வேண்டும் என்று வைத்த பெயர் ஏமாற்றாகும். தெரியாமல், நல்லெண்ணத்தோடு வைத்த பெயர் அப்படியாகாது. பிள்ளையின் உழைப்பில் வந்த காசை அதற்காகக் களவு என்று சொல்ல முடியாது. ஆனால் கடிதம் வந்த நாளிலிருந்து 'தெரியாது' என்று சொல்ல இடமில்லை. விசாரித்துப் பார்க்க வேண்டும். அடுத்தவர் சொல்வது நியாயமென்று தெரிந்தால் மாற்ற வேண்டும். நியாயமில்லை என்றால் பணிந்துபோக வேண்டிய கடமையும் இல்லை. இல்லாத உரிமையைக் காட்டி ஏழையின் பிழைப்பைத் தடுப்பதும் அநியாயமே.

வெளியிடுவதற்கு முன்பு

நோய் வந்த பிறகு மருந்து தேடுவதைவிட முன்கூட்டியே காத்துக்கொள்வது இலேசு. பிளே ஸ்டோரில் கணக்குத் திறக்க ஒரு தடவை 25 டொலர். அப் ஸ்டோருக்கு வருடத்துக்கு 99 டொலர். இந்தப் பணத்தைக் கட்டுவதற்கு முன்பே பெயரைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

முதலில் இரண்டு கடைகளிலும் அதே பெயரும், அதே ஓசையுள்ள பெயரும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். எழுத்தை மாற்றினால் போதாது. ஸ்க்ரபிளும் ஸ்க்ரபுலஸும் எழுத்தில் வேறுதான், காதுக்கு நெருங்கியவை.

இரண்டாவது, ஜெனீவாவில் உள்ள உலகப் புலமைச் சொத்து அமைப்பு பல நாடுகளின் குறிகளைத் தேடிப் பார்க்க 'குளோபல் பிராண்ட் டேட்டாபேஸ்' என்ற வசதியை இலவசமாகவே இணையத்தில் வைத்திருக்கிறது. 9 ஆம் வகுப்பில் தேட வேண்டும். ஒரு மாலைப் பொழுது போதும்.

மூன்றாவது, தனக்கென்று புதிதாகக் கட்டிய பெயரைத் தேர்ந்தெடுப்பது நல்லது. 'சமையல் குறிப்பு', 'தொழுகை நேரம்' போன்ற பெயர்கள் பொருளை விளங்கவைக்கும். ஆனால் அவற்றை யாரும் தனக்கென்று காத்துக்கொள்வது கஷ்டம். நாளைக்கு இன்னொருவர் அதே பெயரில் வந்தால் நீங்கள் முறையிடவும் முடியாது.

நான்காவது, பிரபலமான செயலியின் பெயரையோ அதன் சின்னத்தின் சாயலையோ தலைப்பிலும் தேடற் சொற்களிலும் போடக் கூடாது. 'வாட்ஸ்அப்' என்ற பெயரைத் தன் செயலியின் பெயரோடு ஒட்டினால் நிறையப் பேர் தேடி வருவார்கள் என்று நினைக்கலாம். இரண்டு கடைகளின் விதிகளும் இதைத் தடுக்கின்றன.

ஐந்தாவது, நம்மவர் பலரும் தவறாக விளங்கிக்கொண்ட ஒரு விஷயம். வியாபாரப் பெயரைப் பதிந்து சான்றிதழ் எடுத்தாயிற்று, இனிப் பெயர் எனக்குத்தான் என்று நினைக்கிறார்கள். அது தொழிலின் பெயர்ப் பதிவு. வியாபாரக் குறிப் பதிவு அல்ல. குறியைப் பதிய வேண்டிய இடம் புலமைச் சொத்து அலுவலகம். அங்கே பதிந்தாலும் அது இலங்கைக்குள்தான் செல்லும். இங்கே விண்ணப்பித்து ஆறு மாதங்களுக்குள் பாரிஸ் உடன்படிக்கையிலுள்ள வேறு நாட்டில் விண்ணப்பித்தால், இங்கே கொடுத்த திகதியையே அங்கும் முன்னுரிமையாகக் கோரலாம். வீட்டிலிருந்து கேக், உடுப்பு, அத்தர் விற்கும் சகோதரிகளுக்கும் இது பொருந்தும்.

கடிதம் வந்துவிட்டால்

முதலில் பதற வேண்டாம். அதே நேரம் மூடி வைக்கவும் வேண்டாம். மறுமொழி கொடுக்காமல் இருப்பதுதான் செயலியை இழப்பதற்கு மிக இலகுவான வழி.

கடிதத்தில் ஐந்து விஷயங்களைத் தேட வேண்டும். அனுப்பியவர் யார்? எந்தப் பெயரைக் கோருகிறார்? எந்த நாட்டுப் பதிவு, இலக்கம் என்ன? எந்த வகுப்பு? எந்த நாளுக்குள் பதில் கேட்கிறார்? பதிவு இலக்கத்தை அந்த நாட்டுப் பதிவேட்டில் போட்டுப் பார்த்தால், உண்மையில் அது அவருடையதா, இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று தெரியும். பணம் பறிப்பதற்காகப் பொய்க் கடிதம் அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே அதிலுள்ள இணைப்பை அழுத்தவோ பணம் அனுப்பவோ அவசரப்பட வேண்டாம்.

உரிமை ஒரு நாட்டில் மட்டும் என்றால், அந்த நாட்டில் மட்டும் செயலியை நிறுத்திக்கொள்வதாகச் சொல்லிப் பார்க்கலாம். கடைகளில் நாடு நாடாகத் தெரிவு செய்யும் வசதி உண்டு. பெயரை மாற்றுவதென்று முடிவெடுத்தால் பழைய செயலியை அழித்துவிட்டுப் புதிதாகப் போடக் கூடாது. அதே கணக்கில், அதே செயலியின் தலைப்பையும் சின்னத்தையும் மாற்றினால் போதும். இதுவரை சேர்ந்த பாவனையாளர்களும் அவர்கள் எழுதிய அபிப்பிராயங்களும் கைவிட்டுப் போகாது.

எதிர்ப்பதென்று முடிவெடுத்தால் ஆதாரம் வேண்டும். முதல் வெளியிட்ட திகதி, அன்று எடுத்த படங்கள், பெயரைப் பற்றி எழுதிய ஈமெயில்கள் எல்லாவற்றையும் ஒரு கோப்பிலே போட்டு வைக்கப் பழக்குங்கள். காணி உறுதியை அலுமாரியில் பத்திரப்படுத்தும் நம் வீடுகளில் இதற்கும் ஓர் இடம் இருக்கட்டும். பெரிய தொகை சம்பந்தப்பட்டதென்றால் இந்தத் துறை தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் ஒரு தடவையாவது கடிதத்தைக் காட்டுவது நல்லது. பதில் எழுதும்போது மரியாதையாக எழுத வேண்டும். கோபத்தில் எழுதிய ஒரு வரி பிறகு நமக்கு எதிராகவே காட்டப்படும். 'தவறு செய்துவிட்டேன், மன்னியுங்கள்' என்று விசாரிக்கும் முன்பே எழுதிவிடுவதும் புத்தியல்ல.

தாய்மாரே! இந்தத் தொழிலைச் செய்யும் பிள்ளைகள் பெரும்பாலும் இரவில் விழித்திருந்து தனியாகச் செய்கிறார்கள். கடிதம் வந்தால் அதையும் தனியாகவே மறைத்து வைத்துக்கொண்டு கவலைப்படுகிறார்கள். 'படித்துவிட்டு உருப்படியான வேலைக்குப் போ என்று அன்றே சொன்னேனே' என்று அந்த நேரத்தில் சொல்லிவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கடிதத்தை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆங்கிலம் விளங்காவிட்டாலும் பரவாயில்லை. பதில் கொடுக்க வேண்டிய திகதியைக் கேட்டு, சுவரிலுள்ள கலண்டரில் அந்த நாளைச் சுற்றி வட்டம் போட்டு வையுங்கள்.